பட்டைக்குள் நாலு விரல்

இது இன்னும் பதினாறு வருஷம் கழித்து நடக்கப்போகிற கதை. ஆனாலும் நடந்து முடிந்ததாகச் சொன்னால்தான் சுவைக்கும் என்பதால் அப்படியே சொல்லிவிடலாம்.

நாய் பேசப்போகிறது என்ற சேதி பரவிய அன்று மஞ்சக்காட்டூர் ஊராட்சிப் பள்ளியில் ஒரு குழந்தைகூட லீவு போடவில்லை. காய்ச்சல் என்று மூன்று நாளாகப் படுத்திருந்த கவின், போர்வையைச் சுற்றிக்கொண்டு வந்து முதல் வரிசையில் உட்கார்ந்துவிட்டான். சத்துணவுக்கூடத்துச் சரோஜா சாம்பாரைப் பாதியில் விட்டுவிட்டு ஜன்னலோரம் வந்து நின்றாள். பள்ளிக்கூடத்துக்குப் பிள்ளைகளை விட வந்த அப்பன்மார்கள் வண்டியை அணைத்துவிட்டு மதில்மேல் ஏறி உட்கார்ந்தார்கள். பொள்ளாச்சியிலிருந்து எட்டு கிலோமீட்டர் தள்ளி இருக்கிற அந்த ஊருக்குத் தேர்தலுக்குக்கூட இவ்வளவு கூட்டம் சேர்ந்ததில்லை.

எல்லாரையும்விடப் படபடப்பாக இருந்தவள் கோகிலவாணிதான். அரசாங்க ஆணையில் அவளுடைய பதவிக்குப் பெயர் 'துணை விலங்கு நடத்துநர்'. பிள்ளைகள் வைத்த பெயர் 'நாய் மிஸ்'. வேலைக்குச் சேர்ந்த புதிதில் இதைக் கேட்டு இரண்டு நாள் சோறு இறங்காமல் கிடந்தாள். மூன்றாம் நாள் ஒரு குழந்தை, "எனக்குப் பெரிய டீச்சரை விட நாய் மிஸ்ஸைத்தான் புடிக்கும்" என்று சொன்னதும் அந்தப் பட்டத்தை மகிழ்ச்சியோடு ஏற்றுக்கொண்டாள்.

நாயின் பெயர் கச்சாயம். வெல்லப்பாகில் பொரித்தெடுத்த பலகாரத்தின் நிறம், அதனால் அந்தப் பெயர். சந்தைப்பேட்டையில் பிறந்த நாட்டு நாய். ஆறு மாதப் பயிற்சியில் விலை உயர்ந்த வெளிநாட்டு நாய்களை எல்லாம் பின்னுக்குத் தள்ளிவிட்டு முதலிடத்தில் தேறினான். ஒரே ஒரு குறை, தலைக்கனம். யாராவது போட்டோ எடுக்கச் செல்போனைத் தூக்கினால் போதும், காதை நிமிர்த்திக் கழுத்தை ஒருபக்கம் சாய்த்துக் கல்யாண மாப்பிள்ளை மாதிரி நிற்பான். பார்க்கிறவர்கள் இல்லாத இடத்தில் அவனுக்கு இருப்பே கொள்ளாது.

அவனுக்கு வேலை, கேட்பது. வாசிப்பில் தடுமாறுகிற பிள்ளைகள் ஒவ்வொருவராக நூலக அறைக்கு வந்து, கோரைப்பாயில் அவன் பக்கத்தில் உட்கார்ந்து, இருபது நிமிடம் அவனுக்குப் படித்துக் காட்டுவார்கள். மனிதர்கள் முன்னால் படித்தால் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். நாய் "தப்பு" என்று சொல்லாது, சிரிக்காது, கைக்கடிகாரத்தைப் பார்க்காது. இதில் கோகிலவாணி தானாகக் கண்டுபிடித்த ஒரு முறையும் உண்டு. படிக்கிற குழந்தை இடது கையின் நாலு விரல்களையும் நாயின் கழுத்துப் பட்டைக்கு அடியில் நுழைத்துக்கொள்ள வேண்டும். விரலுக்கடியில் நாயின் மூச்சு ஏறி இறங்குவது தெரியும். கொஞ்ச நேரத்தில் குழந்தையின் மூச்சும் அதே தாளத்துக்கு வந்துவிடும். "பட்டைக்குள்ள நாலு விரல், புத்தகத்துல ரெண்டு கண்ணு" என்பது அந்த அறையின் மந்திரம். அப்படிப் பழகிய பதினொரு பிள்ளைகள் போன வருஷம் 'வாசிப்பு மேடை'யில் ஏறி, ஊரே பார்க்க, மைக்கைப் பிடித்துப் படித்தார்கள்.

இந்த வருஷம் அவள் உயிரை வைத்திருந்தது தாரகையின்மேல்.

தாரகைக்கு ஒன்பது வயது, நாலாம் வகுப்பு. வீட்டில் வாய் ஓயாமல் பேசுவாள் என்று அவள் அப்பா நாச்சிமுத்து சத்தியம் பண்ணாத குறையாகச் சொல்வார். பள்ளிக்கூடத்தில் மூன்று வருஷமாக ஒரு வார்த்தை இல்லை. வருகைப் பதிவுக்குக்கூடக் கையைத்தான் தூக்குவாள். கச்சாயத்திடம் வந்த முதல் மாதம் சும்மா உட்கார்ந்திருந்தாள். இரண்டாம் மாதம் உதடு அசைந்தது. மூன்றாம் மாதம் ஒருநாள் அவள் குனிந்து நாயின் காதோரம் ஏதோ முணுமுணுத்தாள், கச்சாயத்தின் காதுமடல் சடசடவென்று துடித்தது. எட்டடி தள்ளி உட்கார்ந்திருந்த கோகிலவாணிக்கு ஒன்றும் கேட்கவில்லை. ஆனாலும் அன்றைக்கு வீட்டுக்குப் போய்க் கேசரி கிண்டிவிட்டாள். மறுநாளே தலைமையாசிரியையிடம் ஓடி, வாசிப்பு மேடைப் பட்டியலில் தாரகையின் பெயரையும் எழுதி, அதைக் கைப்பையில் மடித்து எடுத்து வந்தாள்.

இந்த நேரத்தில்தான் நௌஷாத் பேசும் பட்டையோடு வந்து இறங்கினான்.

"நாய்க்கு வார்த்தை கெடையாது மேடம்" என்று அவன் கூட்டத்துக்கு நடுவில் நின்று விளக்கினான். பட்டையைச் செய்த கோயம்புத்தூர்க்காரன், இருபத்தெட்டு வயது இருக்கும், பேசும்போது குதிகாலில் எம்பி எம்பி நிற்பான். "ஆனா மனசு மாறுனா நாடி மாறும், தோலோட ஈரம் மாறும், தசை துடிக்கறது மாறும். பட்டைக்கு உள்பக்கம் நாலு பித்தளைப் பொத்தான் வெச்சிருக்கோம். அது தொட்டுப் பாக்கும். உள்ள அறுபது வாக்கியம் இருக்கு. எது பொருந்துதோ அதை எடுத்துச் சொல்லும்."

"யாரோட குரல்லீங்க சொல்லும்?" என்று மதில்மேலிருந்து ஒருவர் கேட்டார்.

"என் குரல்தாங்க. கொஞ்சம் கட்டையாக்கி வெச்சிருக்கேன்."

பட்டை விளையாட்டுக்காக வரவில்லை, சட்டம் அனுப்பி வந்தது. பெரிய ஊர் ஆஸ்பத்திரிகளில் நோயாளிகளுக்கு ஆறுதலாக வைத்திருந்த நாய்களில் சில, ஒருநாளைக்கு ஐம்பது பேர் மடியில் படுத்து, ரோமம் உதிர்ந்து, சோறெடுக்காமல் செத்துப்போயின. அதன் பிறகு வந்தது விலங்கு ஒப்புதல் சட்டம். மனிதருக்காக உழைக்கிற எந்த விலங்கையும் அதன் சம்மதம் கேட்டுத்தான் வேலை வாங்க வேண்டும். மூன்று முறை அது மறுத்துவிட்டால், இருபத்து நான்கு மணி நேரத்துக்குள் அதை அந்த இடத்திலிருந்து எடுத்துக்கொண்டு போய்விட வேண்டும். அந்தச் சட்டம் கேட்டுக் கையெழுத்துப் போட்டவர்களில் கோகிலவாணியும் ஒருத்தி.

கச்சாயத்தின் கழுத்தில் பட்டை ஏறியது. போர்வைக்குள்ளிருந்து கவின் எழுந்து வந்து பாயில் உட்கார்ந்து, வழக்கம்போல நாலு விரலை நுழைத்து, புத்தகத்தைத் திறந்தான். இரண்டு வரி படித்திருப்பான்.

"பசிக்குது" என்றது பட்டை.

பள்ளிக்கூடமே எழும்பிக் குதித்தது. சரோஜா ஓட்டமாய் ஓடிப்போய் பிஸ்கட் பாக்கெட் எடுத்து வந்தாள். கோகிலவாணிக்குக் கண்ணில் நீர் முட்டிவிட்டது. நாலு வருஷமாகக் கூடவே இருக்கிறவன், இன்றைக்குத்தான் வாய் திறந்து ஒன்று கேட்டிருக்கிறான்!

அடுத்த இரண்டு வாரம் திருவிழாதான். ஒரு பிள்ளை படிக்கும்போது "தூக்கம் வருது" என்றான் கச்சாயம். இன்னொரு பிள்ளையிடம் "சிரிப்பா வருது" என்றான். சாப்பாட்டு மணிக்கு முந்தின பீரியட் என்றால் யார் படித்தாலும் "பசிக்குது"தான். பிஸ்கட் வந்துகொண்டே இருந்தது. பதினைந்து நாளில் அவன் ஒன்றரைக் கிலோ ஏறி, படியேறும்போது மூச்சு வாங்க ஆரம்பித்தான்.

பிறகு தாரகையின் முறை வந்தது.

அறையில் நாயையும் சேர்த்து மூன்று பேர்தான். தாரகை விரலை நுழைத்தாள், பக்கத்தைத் திருப்பினாள், குனிந்தாள்.

"எனக்குப் பயமா இருக்கு" என்றது பட்டை.

கோகிலவாணி திடுக்கிட்டுப் பார்த்தாள். கச்சாயம் நாலு காலையும் விரித்துப்போட்டுக்கொண்டு, வயிற்றைக் காட்டி மல்லாந்து கிடந்தான். பயந்த நாய் இப்படியா படுக்கும்? ஆனால் மறுகணமே தன்னைத்தானே கடிந்துகொண்டாள். இத்தனை நாளும் நாயின் மனசு எனக்குத் தெரியும், எனக்குத் தெரியும் என்று சொல்லிச் சொல்லித்தானே ஆஸ்பத்திரி நாய்களைக் கொன்றார்கள்? நாயே வாய்விட்டுச் சொல்லும்போது இல்லை என்பதற்கு நான் யார்? இப்படி யோசித்துக்கொண்டிருந்ததில் தாரகையின் முகத்தை அவள் சரியாகக் கவனிக்கவில்லை. அந்தப் பெண் பயப்படவில்லை. கண்ணை அகல விரித்துப் பட்டையையே பார்த்துக்கொண்டிருந்தாள், உதட்டோரம் சின்னதாய் ஒரு சிரிப்பு இருந்தது. புது மெஷினைப் பார்த்த குஷி என்று கோகிலவாணி நினைத்துக்கொண்டாள்.

நாலு நாள் கழித்து இரண்டாவது முறை. "என்னைப் பாக்காதீங்க" என்றது பட்டை. தொடர்ந்து, "இங்கிருந்து போகணும்."

மூன்றாவது முறைக்கு விலங்கு நல அலுவலர் டாக்டர் இன்பராஜ் நேரிலேயே வந்துவிட்டார். மெலிந்த உருவம், தாழ்ந்த குரல். வந்ததும் செருப்பைக் கழற்றிவிட்டுத் தரையில் உட்கார்ந்து, கச்சாயத்துக்குத் தன் புறங்கையை மோந்து பார்க்கக் கொடுத்தார். ஆள் நல்லவர்தான், அதனாலேயே கோகிலவாணிக்கு அவர்மேல் கோபப்பட வழியில்லாமல் போயிற்று.

அன்றைக்குத் தாரகை பாயில் உட்கார்ந்தாள், புத்தகத்தை மடியில் வைத்தாள், இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டாள். கோகிலவாணி சைகை காட்டினாள். தாரகை தலையை ஆட்டினாள், மாட்டேன் என்று.

"அம்மிணி, பட்டைக்குள்ள நாலு விரல்" என்றாள் கோகிலவாணி கனிவாக.

தாரகை இன்னும் வேகமாகத் தலையை ஆட்டினாள். அலுவலர் வந்திருப்பதால் கூச்சப்படுகிறாள் என்று நினைத்த கோகிலவாணி, பின்னாலிருந்து அந்தச் சின்னக் கையை மெதுவாக விடுவித்து, தானே கொண்டுபோய்ப் பட்டைக்கடியில் வைத்தாள். விரல்கள் சில்லிட்டு ஈரமாக இருந்தன.

"எனக்குப் பயமா இருக்கு" என்றது பட்டை. "எனக்குப் பயமா இருக்கு. எனக்குப் பயமா இருக்கு."

இன்பராஜ் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு படிவத்தை எடுத்தார். "மன்னிச்சுக்குங்க டீச்சர். மூணாவது தடவை. நாளைக்குச் சாயங்காலம் வண்டி வரும்."

மறுநாள் நாலு மணிக்கு இன்பராஜோடு வேன் வந்தது. உடுமலைப் பக்கம் மலையடிவாரத்தில் ஓய்வுபெற்ற விலங்குகளுக்கு ஒரு பண்ணை இருந்தது. நிழல், ஓடை, வேளாவேளைக்குச் சாப்பாடு. சொல்லப்போனால் நமக்கே அப்படி ஒரு இடம் கிடைத்தால் போய்விடலாம். ஆனால் கச்சாயம் வேனில் ஏறியதும் திரும்பி நின்று, வழியனுப்ப வந்திருந்த கூட்டத்தைப் பார்த்துக் காதை நிமிர்த்திக் கழுத்தைச் சாய்த்தான். அவனுக்கு இதுவும் யாரோ போட்டோ எடுக்கிற விசேஷம்.

கோகிலவாணியால் தாங்க முடியவில்லை. பட்டையைக் கழற்றிக்கொண்டு இறங்கிவிட்டாள். வேன் கதவு மூடியது. புழுதி கிளம்பியது. பிள்ளைகள் கத்தி அழுதார்கள். பட்டையைத் திரும்ப வாங்கிக்கொள்ள வந்திருந்த நௌஷாத் நின்ற இடத்துக்கு அவள் நடந்தாள். கைக்குள் அதை இறுக்கிப் பிடித்திருந்தாள்.

"அழுகையா வருது" என்றது பட்டை.

அவள் நின்றாள். நௌஷாத் நிமிர்ந்தான்.

"விட்டுட்டுப் போகாதீங்க" என்றது பட்டை, அவள் கைக்குள்ளிருந்து.

வேன் அதற்குள் பிள்ளையார் கோயில் வளைவைத் தாண்டிவிட்டிருந்தது. இருவரும் பட்டையைப் பார்த்தார்கள், ஒருவரையொருவர் பார்த்தார்கள். நௌஷாத்தின் முகம் சுண்ணாம்பு பூசியதுபோல வெளுத்தது.

"மேடம், பொத்தான்மேலயா புடிச்சிருக்கீங்க?"

"ஆமாங்க."

"புள்ளைங்க... படிக்கும்போது எப்படிப் புடிப்பாங்க?"

கோகிலவாணி கையை விரித்தாள். நாலு விரலை நீட்டிப் பட்டையின் உள்பக்கம் வைத்துக் காட்டினாள். ஒவ்வொரு விரல் நுனியிலும் ஒரு பித்தளைப் பொத்தான் கச்சிதமாய்ப் பொருந்தியது.

"நெஞ்சு படபடக்குது" என்றது பட்டை.

"ஐயோ" என்றான் நௌஷாத். "நாய்க்குத் தோலுக்கு மேல முடி இருக்கு. புள்ளைங்க விரல் வெறும் தோலு, ஈரம் வேற. எது பலமா வருதோ அதைத்தான் மெஷின் எடுத்துக்கும். எங்க லேப்ல யாரும் பட்டைக்குள்ள கையே விட மாட்டாங்க மேடம், கயித்தைத்தான் புடிப்பாங்க. இது நாய் பேசுனதே இல்ல. ஒருநாள்கூட இல்ல!"

அப்படியானால் சாப்பாட்டு மணிக்கு முன்னால் பசித்தது யாருக்கு? பசித்தது பிள்ளைகளுக்கு, பிஸ்கட் போனது நாய்க்கு. அப்படியானால் பயந்தது?

அவள் திரும்பினாள். பள்ளி வாசலில் நாச்சிமுத்துவின் குட்டியானை வண்டி தேங்காய் லோடோடு நின்றிருந்தது. மகளை அழைத்துப்போக வந்தவர். முன்சீட்டில் தாரகை ஜன்னல் விளிம்பைப் பிடித்தபடி, வேன் போன திசையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

கோகிலவாணி சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஓடினாள். முப்பத்தொன்பது வயதில் அப்படி ஓடுவோம் என்று அவளே நினைத்ததில்லை. "அண்ணா, வண்டிய எடுங்க! அந்த வேனைப் புடிக்கோணும்!"

"ஏனுங் டீச்சர், என்னாச்சு?"

"போறப்பச் சொல்றேன், எடுங்கண்ணா!"

நாச்சிமுத்து வேறு கேள்வி கேட்கவில்லை. நௌஷாத் பின்னால் தேங்காய்க் குவியல்மேல் தொற்றி ஏறினான். வண்டி உறுமிக்கொண்டு கிளம்பியது. கோகிலவாணி இன்பராஜுக்கு ஏழு முறை போன் அடித்தாள். விலங்கு ஏறிய வண்டியில் செல்போன் மணி அடிக்கக் கூடாது என்பது அவரே போட்ட விதி. எடுக்கவில்லை. வேகத்தடையில் வண்டி எகிறியபோதெல்லாம் பின்னாலிருந்து "அல்லாவே!" என்ற சத்தமும், ரோட்டில் தேங்காய் உருளுகிற சத்தமும் கேட்டன.

"போனாப் போகுது, பொறவு பொறுக்கிக்கலாம்!" என்று கத்தினார் நாச்சிமுத்து. அவருக்குத் தேங்காய் மண்டியில் ஏலம் கூறிக் கூறி முறுக்கேறின குரல். சாதாரணமாகப் பேசினாலே நாலு தெரு கேட்கும்.

மூச்சு ஒருநிலைக்கு வந்ததும் கோகிலவாணி பக்கத்தில் திரும்பினாள். "தாரகை, அந்தப் பட்டை சொன்னதெல்லாம் கச்சாயம் சொல்லலைன்னு உனக்குத் தெரியுமா கண்ணு?"

தாரகை ஆமென்று தலையசைத்தாள்.

"மொத நாள்ல இருந்தே?"

மறுபடியும் தலையசைப்பு. அந்தச் சிரிப்பின் அர்த்தம் இப்போது புரிந்தது. மூன்று வருஷமாகச் சொல்ல முடியாததை ஏதோ ஒன்று சத்தமாகச் சொல்லிக்கொண்டிருந்தது. நாயைப் பிடித்துக்கொண்டு போகப்போகிறார்கள் என்று தெரிந்ததும் கையை ஒளித்துக்கொண்டாள். அந்தக் கையை இழுத்துப் பொத்தான்மேல் வைத்தது யார்?

"நான் ஒரு மடச்சி" என்றாள் கோகிலவாணி. "என்ன கண்ணு பயம் உனக்கு? வாசிப்பு மேடையா?"

தாரகை தன் மடியைப் பார்த்தாள். பதிலை நாச்சிமுத்து சொன்னார், கண்ணை ரோட்டிலிருந்து எடுக்காமல். "ஒண்ணாப்புல ஆண்டு விழாவுல பாடுச்சுங்க டீச்சர். எங்கூட்டுக் குரலாச்சே, கட்டைக் குரலு. மைக்குல கேட்டதும் மொத்தக் கூட்டமும் சிரிச்சுப்போட்டாங்க. அன்னைக்கு மூடுன வாயி. ஊட்டுல மட்டுந்தான் தொறக்கும். மறுக்கா மைக்குன்னு சொன்னதுல இருந்து ராத்திரி சோறே எறங்கலீங்க."

"எங்கிட்டச் சொல்லியிருக்கலாமில்லீங்ண்ணா?"

"நீங்க அத்தனை சந்தோசமா இருந்தீங்க. எப்படிங் சொல்றது?"

முன்னால் ரயில்வே கேட் தெரிந்தது. சிவப்பு விளக்கு மினுக்கிக்கொண்டு கம்பம் இறங்கிக்கொண்டிருந்தது. அதற்கு இந்தப் பக்கம் வரிசையில் மூன்றாவதாக நின்றது வேன்! வாழ்க்கையில் முதல்முறையாக ரயில்வேக்காரர்களுக்கு நன்றி சொல்லிக்கொண்டே கோகிலவாணி குதித்து இறங்கினாள்.

இன்பராஜ் பதறவில்லை. வேனை ஓரங்கட்டச் சொல்லி, பின்கதவைத் திறந்துவிட்டு, நௌஷாத் மூச்சிரைக்கச் சொன்னதை முழுசாகக் கேட்டார். கேட்டில் காத்து நின்ற பஸ்ஸிலிருந்தும் பைக்குகளிலிருந்தும் ஆட்கள் வேடிக்கை பார்க்கக் கூடிவிட்டார்கள். கச்சாயத்துக்குப் பரம திருப்தி.

"சரி" என்றார் இன்பராஜ். "யாரும் தொடாதீங்க. பட்டையை மாட்டிட்டு எல்லாரும் ரெண்டடி தள்ளி நில்லுங்க."

மாட்டினார்கள். தள்ளி நின்றார்கள். பட்டை வெகுநேரம் சும்மா இருந்தது. பழனிப் பக்கமிருந்து வந்த ரயில் தடதடவென்று கடந்து போயிற்று.

"காது அரிக்குது" என்றது பட்டை.

கச்சாயம் பின்னங்காலைத் தூக்கிக் காதை வறட்டு வறட்டென்று சொறிந்துகொண்டான். கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. நௌஷாத் இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கிக் குதித்தான். நாலு வருஷத்தில் அந்த நாய் உண்மையிலேயே பேசிய முதல் வாக்கியம் அது.

"இப்போ பாப்பா கை வைக்கட்டும். இஷ்டம் இருந்தா மட்டும்" என்றார் இன்பராஜ்.

கோகிலவாணி இந்தமுறை அசையவில்லை. தாரகை தானாக வந்தாள். மண்டியிட்டு நாலு விரலை நுழைத்தாள்.

"நெஞ்சு படபடக்குது" என்றது பட்டை உடனே. "எனக்குப் பயமா இருக்கு."

இன்பராஜ் படிவத்தை எடுத்துப் பார்த்தார். "மூணு வாரமாக் குழந்தைங்க சொன்னதை நாய் சொல்லுதுன்னு நெனச்சு எழுதிட்டிருந்திருக்கோம்."

"நான் ஒண்ணு கேக்குறனுங்க சார்" என்றார் நாச்சிமுத்து. அவர் குரல் கேட்டு முன்னால் நின்ற பைக்குக்காரர் நகர்ந்துகொண்டார். "ஒரு நாய் பயப்படுதுன்னதும் சட்டம் வருது, ஆபீசர் வர்றீங்க, ஏசி வேன் வருது. எம்புள்ள மூணு வருசமாப் பயந்துட்டிருக்குது. அதுக்கு யாருங்க வந்தா?"

கோகிலவாணிக்கு அந்தக் கேள்வி செவிட்டில் அறைந்த மாதிரி இருந்தது. அவள் வந்திருந்தாள்தான், ஆனால் கையில் மேடைப் பட்டியலோடு வந்திருந்தாள்.

இன்பராஜ் படிவத்தைப் புரட்டினார். "நீங்க கேட்டது நியாயம். அதனாலதான் எனக்கு இன்னொரு கவலை. இப்பவும் பயமா இருக்குன்னுதான் சொல்லுது. நான் நாயைத் திருப்பி அனுப்பினா, பாப்பாவை நாளைக்கே மறுபடி பாயில உக்கார வெப்பீங்க. வேண்டாம்னு சொல்ற உயிரை வெச்சு வேலை வாங்கக் கூடாதுங்கறது நாய்க்கு மட்டுமா? இந்த வாசிப்பே பாப்பாவுக்கு ஒத்துக்கலையோ என்னவோ. கொஞ்ச நாளைக்கு நிறுத்தி வைக்கிறதுதான்..."

அவர் சொல்லி முடிக்கவில்லை. தாரகை பட்டைக்குள்ளிருந்து வெடுக்கென்று கையை உருவிக்கொண்டு எழுந்து நின்றாள்.

"இல்ல!"

மூன்று மாதமாகக் கோகிலவாணி தன் மனசுக்குள் ஒரு குரலைக் கற்பனை செய்து வைத்திருந்தாள், மெல்லிய கீச்சுக்குரல். வந்ததோ தேங்காய் மண்டிக் குரல். கட்டையாக, கரகரவென்று, ரயில் போன பிறகும் தண்டவாளத்தில் நிற்கிற அதிர்வைப்போல. பஸ்ஸில் தூங்கிக்கொண்டிருந்த ஒருவர் விழித்து எட்டிப் பார்த்தார்.

"பயமில்ல" என்றாள் தாரகை. முகமெல்லாம் சிவந்திருந்தது, ஆனால் நிறுத்தவில்லை. "அது தப்பாச் சொல்லுது. வேகமா வந்தமில்ல, கச்சாயம் கெடைச்சிருச்சில்ல, அதான் படபடன்னு இருக்குது. சந்தோசம். மைக்குன்னாத்தான் பயம். கச்சாயம்னா பயமில்ல."

கூட்டத்தில் ஒருவரும் சிரிக்கவில்லை. கேட் திறந்துவிட்டது, ஆனாலும் ஒரு வண்டியும் நகரவில்லை.

இன்பராஜ் நௌஷாத்தைப் பார்த்தார். அவன் தலையைச் சொறிந்தான். "கரெக்டுதாங்க சார். பயத்துக்கும் குஷிக்கும் நாடி ஒரே மாதிரிதான் ஓடும், விரலும் வேர்க்கும். மெஷினுக்கு வித்தியாசம் தெரியாது. அவங்களாச் சொன்னாத்தான் உண்டு."

"அப்போ இத்தனை நாளா நீங்க இதை வெச்சு..."

"தெரியுது சார். எல்லாப் பட்டையையும் திரும்ப வாங்கறேன்" என்றான் நௌஷாத் சன்னமாக.

இன்பராஜ் வேனின் படியில் உட்கார்ந்து படிவத்தை முழங்கால்மேல் வைத்தார். அதில் 'விலங்கின் சொல்' என்று ஒரு கட்டம் இருந்தது. மூன்று வாரப் பதிவையும் அடித்துவிட்டு, 'காது அரிக்கிறது' என்று எழுதினார். பிறகு பேனாவை ஓரத்துக்குக் கொண்டுபோய், அடிக்கோல் இல்லாததால் கொஞ்சம் கோணலாக, புதிதாக ஒரு கட்டம் வரைந்தார். அதன் தலையில் 'குழந்தையின் சொல்' என்று எழுதிக்கொண்டு நிமிர்ந்தார்.

"சொல்லும்மா, எழுதிக்கறேன். மெதுவா."

தாரகை சொன்னாள். அவர் எழுதினார். எழுதியதை அவளிடமே நீட்டி, "சரியா எழுதியிருக்கேனான்னு பாரு" என்றார். அவள் காகிதத்தை வாங்கினாள், ஒரு கணம் தயங்கினாள், கச்சாயத்தின் பக்கத்தில் வேனின் தரையில் ஏறி உட்கார்ந்து, வரிக்கு வரி விரல் வைத்து, அந்தக் கட்டைக் குரலில் உரக்கப் படித்தாள். 'மைக்' என்கிற இடத்தில் கொஞ்சம் இடறினாள். கோகிலவாணியின் உதடுவரை வந்த திருத்தம் அங்கேயே நின்றுவிட்டது. மேடைப் பட்டியல் அவள் கைப்பைக்குள் நாலாக மடிந்து கிடந்தது. அதை வெளியே எடுத்துத் தாரகையின் பெயரை அடித்தாள்.

யாரும் நாயைத் தொட்டுக்கொண்டிருக்கவில்லை. தாரகையின் இரண்டு கையும் காகிதத்தில் இருந்தன. இத்தனை நாளும் தன் காதுக்குள் மட்டும் முணுமுணுப்பாய்க் கேட்ட குரல் இன்று ரோடு முழுக்கக் கேட்பதைக் கச்சாயம் தலையைச் சாய்த்து உற்றுக் கேட்டான். வால் வேனின் தகரத்தில் டம் டம் என்று அடித்தது.

"எங்க ஆளு" என்றது பட்டை.